பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பட்டறை: பரோடா நுண்கலைப் புலம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஓவியம் பயில விரும்புகிறவர் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமா, பட்டறைக்குப் போக வேண்டுமா என்பது இன்று சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே குறைவு. ஓவியம் கற்க அரசுக் கலைப் பள்ளிகள்தான் பெரும்பாலும் வழி. அவை தந்தது பட்டயமே தவிரப் பட்டம் அன்று. சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி, 1854இல் கல்கத்தாவிலும் 1857இல் பம்பாயிலும் எழுந்த பள்ளிகள் ஆகிய மூன்றுமே தொழிலுக்குக் கைகளைப் பழக்கும் நோக்கத்தோடு பிறந்தவை. சென்னைப் பள்ளியின் பட்டறையில்தான் 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அப்பள்ளிகளிடம் அரசு எதிர்பார்த்தது என்ன என்பது விளங்கும். அவற்றில் பெரிய கலைஞர்கள் உருவாகாமல் இல்லை. ஆனால் ஓவியம் என்பது இயற்பியலையும் இலக்கியத்தையும் போல ஓர் அறிவுத்துறை என்று பல்கலைக்கழகம் ஒன்று ஏற்றுக்கொள்வது வேறு செய்தி.

குஜராத்தில் இன்று வதோதரா எனப்படும் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1950இல் நுண்கலைப் புலத்தைத் தொடங்கியபோது ஏற்றுக்கொண்டது அதைத்தான். அந்த ஒரு முடிவு கல்வியை எப்படி மாற்றியது, எத்தகைய மனிதர்களை உருவாக்கியது, பின்னாளில் எங்கே அடி வாங்கியது என்பதைப் பின்தொடர்வதே இந்த ஆய்வின் வேலை. பரோடாவின் புகழ் பாடுவது நோக்கமன்று. தமிழ்நாட்டில் கலைக் கல்வி குறித்துப் பேசும்போது பரோடாவின் பெயர் அடிக்கடி வருகிறது. பெயர் வரும் அளவுக்கு அங்கே உண்மையில் என்ன செய்தார்கள் என்ற விவரம் வருவதில்லை. அந்தக் குறையே இதை எழுதத் தூண்டியது.

நிலம் முன்பே பண்பட்டிருந்தது

பரோடா சமஸ்தானம் 1949இல் பம்பாய் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் 1875 முதல் 1939 வரை நீண்ட மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆட்சி அந்த ஊரில் விட்டுச்சென்றவை பல. ராஜா ரவி வர்மாவைக் கொண்டு புராணக் காட்சிகளை வரைவித்தார். 1890இல் கலாபவன் என்ற தொழில்நுட்பப் பள்ளி அங்கே தொடங்கியது. பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகேப் பால்கே அங்கு பயின்றவர். பூங்காவுக்குள் அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் எழுந்தன. வங்காளத்தில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தின் ஓவிய ஆசிரியர் நந்தலால் போஸ் 1939 முதல் சில ஆண்டுகள் வந்து, கெய்க்வாட் குடும்பத்தின் நினைவு மண்டபமான கீர்த்தி மந்திரின் சுவர்களில் மகாபாரதப் போரையும் கங்காவதரணத்தையும் தீட்டிச் சென்றார். ஆக, ஐரோப்பியப் பாணி எண்ணெய் ஓவியமும் சாந்திநிகேதனத்தின் சுவர் ஓவியமும் ஒரே ஊரில் சில நிமிட நடைத் தொலைவில் இருந்தன. புதிதாக ஒரு கலைப்புலம் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைக்காது.

பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல் இருந்த இடத்தில் 'எல்லா மனிதர்களும்' என்று பொருள்படும் சொல்லை வைக்கச் செய்தவர். அவருடைய ஆதரவில்தான் நுண்கலை தனிப் புலமாக, அதாவது அறிவியலுக்கும் கலையியலுக்கும் சமமான தகுதியோடு, தன் புலமுதல்வரையும் தன் தேர்வு வாரியத்தையும் கொண்டதாக நிறுவப்பட்டது. நிர்வாகத்தில் இது சின்ன விஷயம்போலத் தோன்றலாம். ஒரு துறையாக மட்டும் தொடங்கியிருந்தால் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓவியத்தோடு தொடர்பில்லாத ஒரு புலத்தின் அனுமதிக்குக் காத்திருந்திருக்க வேண்டும். தனிப் புலமானதால் பாடத்தைக் கலைஞர்களே எழுதினார்கள்.

ஒரே பாணியைப் பரப்பாத ஆசிரியர்கள்

முதல் புலமுதல்வர் மார்கண்ட் பட் அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளையில் பயின்று வந்தவர். ஓவியத்துறைக்கு இந்தூரிலிருந்து உருவான என்.எஸ். பேந்த்ரே. சிற்பத்துறைக்கு சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் பேஜிடம் பயின்ற சங்கோ சௌத்ரி. அடுத்த ஆண்டே, 1951இல், கே.ஜி. சுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். பேந்த்ரே ஐரோப்பிய நவீனத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். உருவத்தை வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச அமைப்பை இந்தியக் காட்சிக்குப் பொருத்திப் பார்த்தவர். சங்கோ சௌத்ரி மரத்திலும் கல்லிலும் உலோகத்திலும் வடிவத்தைச் சுருக்கிச் சுருக்கி அதன் சாரத்துக்குக் கொண்டுபோனவர். சுப்பிரமணியன் இவ்விருவரிடமிருந்தும் விலகியவர். இவர்களில் யாரும் தம் பாணியே புலத்தின் பாணி என்று நிறுவ முயலவில்லை. அல்லது முயன்றாலும் மற்றவர் இருப்பே அதைத் தடுத்தது. 'வங்காளப் பாணி', 'பம்பாய்ப் பாணி' என்று சொல்வதைப்போல முதல் இருபதாண்டுகளில் 'பரோடாப் பாணி' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

அந்த முதல் தலைமுறை மாணவர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தார்கள். பாவ்நகரிலிருந்து ஜோதி பட், காஷ்மீரிலிருந்து ரத்தன் பாரிமூவும் ஜி.ஆர். சந்தோஷும். 1956இல் ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து பரோடா ஓவியர் குழு ஒன்றை அமைத்துப் பம்பாயில் காட்சி வைத்தார்கள். ஆசிரியர் படமும் மாணவர் படமும் ஒரே சுவரில் தொங்குவது அக்காலக் கலைப் பள்ளிகளில் எளிதில் நடக்கக்கூடியது அன்று.

சுப்பிரமணியன் குறித்துத் தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று அறிந்துகொள்ள வேண்டும். கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிப் படிப்பு தடைப்பட்டு, 1944இல் சாந்திநிகேதனத்துக்குப் போய் நந்தலால் போஸ், பினோத்பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் மூவரிடமும் பயின்றார். பொருளாதாரமும் காந்தியச் சிந்தனையும் ஓவியமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததன் விளைவை பரோடா அறுவடை செய்தது. கைவினைஞர் எழுத்தறிவில்லாத உழைப்பாளி, ஓவியர் மேதை என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. 1959 முதல் இரண்டாண்டுகள் அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்துவிட்டு மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பியபோது, நெசவாளரும் குயவரும் பொம்மை செய்கிறவரும் ஒரு மொழி பேசுகிறார்கள், அந்த மொழிக்கு இலக்கணம் உண்டு, அதை ஓவிய மாணவர் கற்க வேண்டும் என்ற தெளிவோடு திரும்பினார். லக்னோவின் ரவீந்திராலய அரங்கின் வெளிச்சுவருக்கு அவர் 1963இல் செய்த சுடுமண் சுவரோவியம் ஆயிரக்கணக்கான சிறு வில்லைகளால் ஆனது. வில்லையை வார்ப்பதும் சுடுவதும் குயவரின் வேலை. வில்லைகளைக் கோத்து ஒரு நாடகத்தைச் சுவரில் விரிப்பது ஓவியரின் வேலை. அந்தச் சுவரில் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது.

இந்தச் சிந்தனை பாடத்திட்டத்துக்கு வெளியே எடுத்த வடிவம்தான் 1961இல் தொடங்கிய நுண்கலைச் சந்தை. புலத்தின் வளாகத்திலேயே கடைகள் போடப்படும். ஆசிரியரும் மாணவரும் வாரக்கணக்கில் உட்கார்ந்து பொம்மை, முகமூடி, மண்பாண்டம், அணிகலன், அச்சுத்துணி எல்லாம் செய்வார்கள். ஊர்மக்கள் வந்து வாங்கிப் போவார்கள். சுப்பிரமணியன் அதற்கென்றே செய்த பொம்மைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கடைந்த மரத்துண்டு ஒன்று உடல், தோல் துண்டு காது, கண்ணுக்கு மணி, வாலுக்குக் கயிறு. எந்தப் பொருளும் தன் இயல்பை மறைத்துக்கொள்ளாது. மரம் மரமாகவே தெரியும், ஆனாலும் அது குரங்குதான். ஒரு பொருளை எவ்வளவு குறைவாகத் தொட்டால் அது உயிராக மாறும் என்பதை ஒரு முழுப் பருவப் பாடத்தால் விளக்குவதைவிட அந்தப் பொம்மை எளிதாக விளக்கிவிடுகிறது. பத்து வயதுக் குழந்தை காசு கொடுத்து வாங்கிப் போகும் பொருளைச் செய்ததால் ஓவிய மாணவரின் தகுதி குறைவதில்லை என்பதையும் சந்தை கற்பித்தது. நவராத்திரியில் அதே வளாகத்தில் நடக்கும் கர்பா ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: பல்கலைக்கழகச் சுவருக்குள் இருந்தாலும் புலத்துக்கும் ஊருக்கும் இடையே வாசல் திறந்தே இருந்தது.

படிப்பும் எழுத்தும்

பரோடாவை மற்ற கலைப் பள்ளிகளிலிருந்து உண்மையில் பிரித்துக் காட்டுவது ஓவியத்துறையோ சிற்பத்துறையோ அன்று என்பது என் கணிப்பு. கலை வரலாறும் அழகியலும் என்ற துறை அவற்றுக்குப் பக்கத்து அறையில் இருந்ததே அந்த வேறுபாடு. பரோடா அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் கோட்ஸ் தொடக்கத்தில் இந்தப் பாடங்களுக்குத் துணை நின்றார். 1952இல் அருங்காட்சியகவியலும் பல்கலைக்கழகப் படிப்பாகத் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்படிப்புக்கு வழிகாட்டிய இடங்களில் பரோடா முதன்மையானது. அதாவது ஒரே கூரையின் கீழ் ஒருவர் சிலை செய்யக் கற்றார், இன்னொருவர் சிலையை ஆராயக் கற்றார், மூன்றாமவர் சிலையைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைக்கக் கற்றார். மூவரும் ஒரே மரத்தடியில் தேநீர் குடித்தார்கள்.

இந்த நெருக்கத்தின் பலனைப் பூபேன் கக்கர் வாழ்க்கையில் பார்க்கலாம். பட்டயக் கணக்காளராகப் பயிற்சி பெற்ற அவர் 1962இல் பரோடாவுக்கு வந்தது கலை விமர்சனம் படிக்க. வழக்கமான கலைப் பள்ளியில் அப்படி ஒருவருக்கு நுழைவே கிடைத்திருக்காது. கோட்டுப் பயிற்சி இல்லை, வயதும் கடந்திருந்தது. இங்கே விமர்சனம் என்ற கதவு இருந்ததால் உள்ளே வந்தார், பக்கத்து அறைகளைப் பார்த்தார், வரைந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் முடிதிருத்துபவரையும் தையல்காரரையும் நாள்காட்டிப் படத்தின் வண்ணங்களில் தீட்டினார். பகலில் கணக்கெழுதும் வேலையையும் நெடுங்காலம் விடவில்லை. அவருடைய படைப்புகளுக்கென லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2016இல் தனிக் காட்சி வைத்தது.

குலாம்முகமது ஷேக் இன்னொரு வகை. குஜராத்திக் கவிஞர், ஓவியர், லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்று திரும்பியவர், கலை வரலாற்றுத் துறையில் பல ஆண்டுகள் பாடம் சொல்லி, பின்னர் ஓவியத்துறைக்குப் போனவர். அதே பல்கலைக்கழகத்தில் குஜராத்தி இலக்கியம் கற்பித்த சுரேஷ் ஜோஷி நவீனத்துவ எழுத்தின் மையமாக இருந்தார். ஷேக்கின் கவிதை அந்தச் சூழலில் வளர்ந்தது. இலக்கியத்துறையும் ஓவியத்துறையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்ததன் பயன் இப்படித்தான் வெளிப்பட்டது, எந்தப் பாடத்திட்டக் குழுவும் திட்டமிடாமலே. 1969 முதல் 1973 வரை ஷேக்கும் கக்கரும் சேர்ந்து 'விருச்சிக்' என்ற சிற்றிதழை நடத்தினார்கள். நாட்டின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் தேர்வுமுறைகளைத் தட்டிக்கேட்கவும் பக்தி இலக்கிய மொழிபெயர்ப்புகளை வெளியிடவும் அதே இதழ் இடம் தந்தது.

இங்கே சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் 'நடை'யும் 'கசடதபற'வும் வெளிவந்தன, கே.எம். ஆதிமூலம் போன்ற ஓவியர்களின் கோடுகள் தமிழ்ச் சிற்றிதழ்களின் முகத்தையே மாற்றின. கவிஞரும் ஓவியரும் இங்கேயும் சந்தித்தார்கள். ஆனால் சந்தித்த இடம் கல்லூரியன்று. அறைகளிலும் அச்சகங்களிலும் தேநீர்க் கடைகளிலும். அந்தச் சந்திப்புகளின் வீரியத்தில் குறையில்லை. குறை வேறு: அந்த மனிதர்கள் விலகியதும் அந்த உரையாடலும் கலைந்தது. பரோடாவில் அதே உரையாடல் ஒரு துறையாக, ஒரு நூலகமாக, ஊதியம் பெறும் பணியிடமாக நிலைத்தது. ரத்தன் பாரிமூ மாணவராக வந்து ஆசிரியராகி, கலை வரலாற்றுத் துறையை நெடுங்காலம் வழிநடத்திப் புலமுதல்வராகவும் இருந்தார். அந்தத் துறை பல்லாண்டுகளாகச் சேர்த்த ஸ்லைடுகளும் நிழற்படங்களும் பெரிய ஆவணக் காப்பகமாயின. கோயில், குகை, ஏட்டோவியம், கிராமச் சுவர் என எதைப் பற்றிப் பாடம் நடத்தினாலும் திரையில் காட்டப் படம் இருந்தது.

அந்தக் காப்பகப் பழக்கத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோனவர் ஜோதி பட். நேப்பிள்ஸிலும் நியூயார்க்கின் பிராட் நிறுவனத்திலும் பதிப்போவியம், அதாவது தகட்டிலோ கட்டையிலோ படம் அமைத்து அச்செடுக்கும் கலை, பயின்றவர். 1960களின் பிற்பகுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குஜராத், ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பின்னர் வேறு மாநிலங்களுக்கும். பெண்கள் வீட்டுத் தரையிலும் சுவரிலும் வரையும் கோலங்களையும் சித்திரங்களையும் வரைந்தவரோடு சேர்த்தே படமெடுத்தார். அடுத்த பண்டிகைக்குப் பூசப்பட்டு மறையப்போகும் ஓவியங்கள் அவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தப் பணி இன்று பல இடங்களில் அந்த மரபின் ஒரே சாட்சி. ஓவியப் பட்டதாரி ஒருவர் ஆய்வாளரின் பொறுமையோடு இதைச் செய்யத் துணிந்தது பரோடாவின் கல்விமுறைக்கு வெளியே எளிதில் நடந்திராது.

பாடத்திட்டம் இன்று

தொடக்கத்தில் கலையியல் பட்டத்தின் நுண்கலைப் பிரிவாக வழங்கப்பட்டது பின்னர் காட்சிக்கலை இளநிலைப் பட்டமாகப் பெயர் மாறியது. இளநிலை நான்காண்டு, முதுநிலை இரண்டாண்டு. ஓவியம், சிற்பம், பதிப்போவியம், பயன்பாட்டுக் கலை (அப்ளைடு ஆர்ட்), கலை வரலாறும் அழகியலும், அருங்காட்சியகவியல் என்று துறைகள் பிரிகின்றன. முதலாண்டு அடிப்படைப் பயிற்சி எல்லோருக்கும் பொதுவானது: கோடு, வண்ணம், களிமண், அச்சு. பின்னாளில் வரலாறு எழுதப்போகிறவரும் களிமண்ணில் கைவைத்தாக வேண்டும். சிற்பியாகப் போகிறவரும் அஜந்தா முதல் ஐரோப்பிய நவீனத்துவம் வரை தேர்வு எழுதியாக வேண்டும். இந்தக் கட்டாயத்தை மாணவர்கள் எல்லாக் காலத்திலும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முப்பது வயதுக்குப் பின் அவர்களில் பலர் தம் படத்தைப் பற்றித் தாமே தெளிவாகப் பேசவும் எழுதவும் முடிந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பதிப்போவியத் துறையின் வேலை ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தக் கல்வியின் மற்றொரு பக்கம் தெரியும். எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோட்டை அரித்து அச்செடுக்கும் வேலை, செய்ய மாணவர் துத்தநாகத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரித்து, பரப்பை மெருகேற்றி, மெழுகும் தாரும் கலந்த பூச்சைச் சூட்டில் மெல்லியதாகப் பரப்புகிறார். ஊசி அந்தப் பூச்சைத்தான் கீறுகிறது, உலோகத்தை அன்று. பிறகு தகடு அமிலத்தில் இறங்குகிறது. கீறிய இடத்தில் குமிழ்கள் எழுகின்றன; இறகால் அவற்றை விலக்கியபடி நிற்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பதுதான் கோட்டின் ஆழம், ஆழம்தான் கருமை. வெளியே எடுத்து, பூச்சை நீக்கி, மையைத் திணித்து, மெல்லிய துணியால் மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அச்சு உருளையில் செலுத்தினால் படம் இடம் வலமாக மாறி வருகிறது. தவறிய கோட்டை அழிக்க முடியாது; அதோடு வாழத் தெரிய வேண்டும், அல்லது தகட்டைத் தேய்த்து மீண்டும் தொடங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இது ஒரு தாள். ஒருவரின் கையையும் பொறுமையையும் இது மாற்றியமைக்கும் விதம் அந்தப் பட்டியலில் அடங்காது. அதனால்தான் கைவேலையைப் பல்கலைக்கழகத் தேர்வுமுறைக்குள் கொண்டுவந்தது உண்மையிலேயே கடினமான காரியம்.

அந்தக் கடினத்துக்குப் பரோடா கண்ட தீர்வு, ஆண்டுத் தேர்வின்போது மாணவர் தம் படைப்புகளைத் தாமே சுவரில் அமைத்துக் காட்சியாக வைப்பது. அக மதிப்பீட்டாளரும் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரும் சுற்றிவந்து, மாணவரிடம் கேள்வி கேட்டு மதிப்பிடுவார்கள். தாளும் கேள்வித்தாளும் இல்லாத தேர்வு, படைப்பே விடைத்தாள். ஓவியத்துறையில் 1972 முதல் 1990இல் மறையும் வரை கற்பித்த நஸ்ரீன் முகமதி, பென்சிலாலும் மைக்கோட்டாலும் வெள்ளைத் தாளில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கிய வரைவுகளைச் செய்தவர். அதே துறையில் கக்கரின் நண்பர்கள் மனித உருவங்களும் கதைகளும் நிறைந்த படங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இரு துருவங்களையும் ஒரே தேர்வுக் காட்சியில் நேர்மையாக மதிப்பிடப் பழகிய இடம் அது.

வெளியேறியவர்களும் எதிர்த்தவர்களும்

1963இல் டெல்லியில் 'குரூப் 1890' என்ற பெயரில் பன்னிரண்டு பேர் காட்சி வைத்தபோது அவர்களில் பலர் பரோடாவோடு தொடர்புடையவர்கள். அப்போது இந்தியாவில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் அதற்கு முன்னுரை எழுதினார். 1981இல் 'மனிதர்க்கான இடம்' என்று பொருள்படும் தலைப்பில் ஷேக், கக்கர், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதீர் பட்வர்தன், ஜோகன் சௌத்ரி ஆறு பேரும் சேர்ந்து கதை சொல்லும் ஓவியத்தை மீட்டெடுத்தார்கள். மிருணாளினி முகர்ஜி சுப்பிரமணியனிடம் சுவரோவியம் பயின்றவர். சணல் கயிற்றை முடிச்சிட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்த துணிச்சலில் அந்தக் கைவினைப் பாடத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. சிற்பி துருவ மிஸ்திரி லண்டன் ராயல் அகாதெமி வரை போய்த் திரும்பி, புலமுதல்வர் பொறுப்பையும் ஏற்றார்.

புகழ் சேர்ந்தபோது அதை எதிர்க்கும் குரலும் உள்ளிருந்தே எழுந்தது. 1987இல் கே.பி. கிருஷ்ணகுமாரும் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் பலரும் சேர்ந்து தீவிர ஓவியர் சிற்பிகள் சங்கத்தை அமைத்து, பரோடாவில் புலத்துக்குள்ளேயே காட்சி வைத்து அறிக்கை வெளியிட்டார்கள். கதை சொல்லும் ஓவியம் நடுத்தர வர்க்கத்துக்கு வசதியான அலங்காரமாகிவிட்டது, கலைச் சந்தை எல்லாவற்றையும் விலைபேசுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1989இல் கிருஷ்ணகுமாரின் மறைவோடு அந்தச் சங்கம் கலைந்தது. தன் ஆசிரியரையே சித்தாந்த அடிப்படையில் எழுத்தில் விமர்சிக்கும் தெம்பை மாணவருக்கு அந்தப் புலம் கொடுத்திருந்தது என்பதே இந்த ஆய்வுக்கு முக்கியம்; அது கலை வரலாற்று வகுப்பின் கொடை.

2007 மே

பல்கலைக்கழகத்துக்குள் இருப்பது எவ்வளவு தந்ததோ அவ்வளவு எடுத்தும் கொண்டது 2007 மே மாதத்தில். மே 9 அன்று ஆண்டுத் தேர்வுக் காட்சி நடந்துகொண்டிருக்கையில் வெளியாட்கள் குழு ஒன்று உள்ளே நுழைந்து, பதிப்போவிய முதுநிலை மாணவர் ஒருவரின் படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துகின்றன என்று தகராறு செய்தது. படைப்புகள் பொதுமக்களுக்கு வைக்கப்பட்டவை அல்ல. மதிப்பிடுவதற்காக வைக்கப்பட்ட விடைத்தாள்கள். ஆயினும் கைதானவர் மாணவர்தான். சில நாட்கள் சிறையில் இருந்தார். நுழைந்தவர்கள் மீது பல்கலைக்கழகம் புகார் கொடுக்கவில்லை.

மாணவர்கள் தந்த பதில்தான் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது. முழக்கம் எழுதுவதோடு அவர்கள் நிற்கவில்லை. கலை வரலாற்றுத் துறையின் காப்பகத்தைத் திறந்து, கஜுராஹோ முதலான கோயில் சிற்பங்களிலும் சிற்றோவியங்களிலும் பிற நாட்டுக் கலையிலும் காமம் சித்திரிக்கப்பட்ட படங்களை எடுத்து, ஒரு காட்சியாக அமைத்தார்கள். இந்த மரபில் உடல் இப்படியும் வழிபடப்பட்டிருக்கிறது, பாருங்கள் என்பதே அவர்கள் வாதம். ஐம்பது ஆண்டுகளாக வகுப்பறைத் திரையில் காட்டப்பட்டுவந்த அதே படங்கள் இப்போது சாட்சியம் சொல்ல வந்து நின்றன. செய்யும் அறையும் ஆராயும் அறையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிட நேரான விடை கிடைக்காது. காட்சியை மூடும்படி நிர்வாகம் உத்தரவிட்டது. பொறுப்புப் புலமுதல்வராக இருந்த கலை வரலாற்றாசிரியர் ஷிவாஜி பணிக்கர் மறுத்தார். அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், காட்சி மூடப்பட்டது. நாட்டின் பல நகரங்களில் கலைஞர்கள் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள். மாணவரின் பட்டச் சிக்கல் பத்தாண்டுகளுக்கு மேல் தீராமல் இழுபட்டது.

இதில் காரணத்தைச் சரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியாட்களின் வன்மம் எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடியது. ஒரு தனியார் காட்சிக்கூடத்துக்கும் நேர்ந்திருக்கலாம். பல்கலைக்கழக அமைப்புக்கே உரிய பலவீனம் வேறிடத்தில் இருந்தது. 1950இல் பாடத்திட்டத்தையும் தேர்வையும் புலத்தின் கையில் கொடுத்தவர்கள், வளாகத்தின் பாதுகாப்பையும் ஒழுங்கு நடவடிக்கையையும் மைய நிர்வாகத்திடமே விட்டிருந்தார்கள். ஹன்சா மேத்தா போன்றவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தேர்வுக் காட்சி என்பது விடைத்தாளைப் போலவே காக்கப்பட வேண்டியது என்று எந்த விதியிலாவது எழுதி வைத்திருந்தால், ஒரு நிர்வாகியின் மனப்போக்கைச் சார்ந்து அது நின்றிருக்காது. ஒருவர் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியாள் புகுந்து விடைத்தாளைப் பிடுங்கினால் எந்தப் பல்கலைக்கழகமும் பார்த்துக்கொண்டிருக்காது. ஓவியத் தேர்வுக்கு அந்தச் சம தகுதி 57 ஆண்டுகளுக்குப் பின்னும் முழுதாகக் கிடைத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது

தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்குமான தனிப் பல்கலைக்கழகம் 2013இல் சட்டத்தின் மூலம் உருவானது. 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் அதனோடு இணைக்கப்பட்டன. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த கல்லூரிக்கு ஓவியத்திலும் சிற்பத்திலும் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை இல்லை. சோழமண்டலம் போன்ற ஒரு கலைஞர் கிராமத்தை 1966இல் தாமே உழைத்து உருவாக்கியவர்கள் அந்தக் கல்லூரியின் மனிதர்கள். பரோடாவிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது பட்டத்தின் பெயரையோ பாடத்தின் பட்டியலையோ அன்று. அந்தப் பக்கத்து அறையை. முழுநேர ஆசிரியர்களைக் கொண்ட கலை வரலாற்றுத் துறை, அதற்கென ஒரு படக் காப்பகம், ஓவிய மாணவர் தமிழில் தம் படைப்பைப் பற்றி எழுதி மதிப்பெண் பெறும் ஒரு தாள் ஆகிய மூன்றும் வேண்டும். பரோடாவில் வளர்ந்த கலை எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. ஷேக்கைப் போல் தாய்மொழியிலும் எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறையை இங்கே தொடக்கத்திலேயே தவிர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஓவியரும் எழுத்தாளரும் கூடியிருந்த சிற்றிதழ்களின் பக்கங்கள் நம்மிடம் தமிழிலேயே கிடக்கின்றன. ஆதிமூலத்தின் கோடுகள் வெளிவந்த அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்து, அட்டை கிழியாமல் படமெடுத்து, கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி வைப்பதிலிருந்து அந்தக் காப்பகத்தைத் தொடங்கலாம்.